இயற்பியல் கணக்கு எந்த வரியில் நின்றுபோகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"பாடம் புரியுது, கணக்குதான் வரல" என்று சொல்பவர்களின் தாளை வாங்கிப் பார்த்தால், சூத்திரம் தெரியாமல் நின்ற கணக்கு குறைவாகத்தான் இருக்கும். பழுது பெரும்பாலும் சூத்திரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறது. அந்த வரி எது என்று தேடாமல் "இன்னும் நிறையப் போட்டுப் பார்" என்றால், பழைய பிழைதான் கைக்குப் பழகும்.

அதனால் முதல் வேலை இது. அண்மையில் தவறிய கணக்குகளில் பத்தை எடுங்கள். திருத்த வேண்டாம். ஒவ்வொன்றிலும் கடைசியாகச் சரியாக இருந்த வரியின் கீழே ஒரு கோடு போடுங்கள். கோடு எங்கே விழுகிறது?

- தாளில் எதுவுமே எழுதவில்லை: அறிகுறி 1
- எழுதிய முதல் வரியே பொருந்தாத சூத்திரம்: அறிகுறி 2
- படம் வரைந்து, விசைகளைக் குறிக்கும் இடத்தில் தடம் மாறியது: அறிகுறி 3
- சமன்பாடுகள் இருக்கின்றன, முடிக்க முடியவில்லை: அறிகுறி 4
- வழி முழுக்கச் சரி, எண் மட்டும் தவறு: அறிகுறி 5
- தீர்வைப் பார்த்தால் புரிகிறது, தனியாக வருவதில்லை: அறிகுறி 6
- வீட்டில் வருகிறது, தேர்வில் வருவதில்லை: அறிகுறி 7

பத்தில் ஆறேழு ஒரே இடத்தில் விழுந்தால் அந்தப் பகுதி மட்டும் போதும். சிதறி விழுந்தால் 1இலிருந்து வரிசையாக வாருங்கள். முன்வரியில் உள்ள பழுதைச் சரிசெய்யாமல் பின்வரியைத் தொட்டுப் பயனில்லை. கீழே வரும் எல்லாக் கணக்குகளிலும் புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று வைத்திருக்கிறோம்.

## அறிகுறி 1: வாசித்தாயிற்று, தாள் வெறுமையாகவே இருக்கிறது

சோதனை: கணக்கைக் கையால் மூடிக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். எந்தப் பொருள்? அதற்கு என்ன நடக்கிறது? என்ன கேட்கிறார்கள்? ஒன்றுக்காவது திணறினால், நீங்கள் இன்னும் கணக்கை வாசிக்கவில்லை. சொற்களின் மேல் கண் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

### கேள்வி எது என்றே பிடிபடவில்லை என்றால்

கடைசி வாக்கியத்தை முதலில் வாசியுங்கள். கேட்கப்பட்ட அளவையும் அதன் அலகையும் தாளின் வலது மூலையில் எழுதிவிட்டு மேலே போங்கள். பிறகு ஒவ்வொரு காற்புள்ளியிலும் முற்றுப்புள்ளியிலும் சாய்கோடு போட்டு வாக்கியத்தைத் துண்டாக்குங்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஓர் அளவோ ஒரு நிபந்தனையோ தாளில் இறங்க வேண்டும். எதுவும் இறங்காத துண்டு இருந்தால் அதற்கு மேல் ஒரு கேள்விக்குறி. பெரும்பாலும் அந்தத் துண்டில்தான் கணக்கின் சாவி இருக்கும்.

### எண்களை எழுதியாயிற்று, ஏதோ குறைகிறது என்றால்

குறையும் அளவு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இயற்பியல் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மிகச் சில. ஒரு முறை பழகிவிட்டால் கண் தானாகவே அவற்றில் நிற்கும்.

- ஓய்விலிருந்து: தொடக்கத் திசைவேகம் 0.
- சீரான திசைவேகத்தில்: முடுக்கம் 0, ஆகவே நிகர விசையும் 0. இயங்குகிறதே, விசை இருக்க வேண்டுமே என்று ஒன்றைச் சேர்க்காதீர்கள்.
- வழவழப்பான தளம்: உராய்வு 0.
- நிறையற்ற கயிறு: கயிறு முழுவதும் இழுவிசை ஒன்றே (இடையில் உள்ள கப்பியும் நிறையற்றது, உராய்வற்றது என்றால்).
- நீளாத கயிறு: இரு முனைகளிலும் கட்டிய பொருள்களின் முடுக்க அளவு ஒன்றே.
- நழுவும் தறுவாயில்: நிலை உராய்வு தன் பெரும மதிப்பில் இருக்கிறது.
- தளத்தை விட்டு விலகும் கணத்தில்: செங்குத்து எதிர்விசை 0.
- மோதி ஒட்டிக்கொள்கின்றன: மோதலுக்குப் பின் இரண்டுக்கும் ஒரே திசைவேகம்.
- பெரும உயரத்தில்: திசைவேகத்தின் செங்குத்துக் கூறு 0. முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி 10 மீ/வி²தான். அது எந்தக் கணத்திலும் நின்றுபோவதில்லை.

இந்தப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. "விடப்படுகிறது" என்ற சொல் அதிகம் பேரை விழவைக்கிறது. 5 மீ/வி வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பலூனிலிருந்து, 60 மீ உயரத்தில் ஒரு கல் விடப்படுகிறது. தரையை எப்போது அடையும்? விடப்பட்டது என்பதால் தொடக்கத் திசைவேகம் 0 என்று போட்டால் ஏறக்குறைய 3.5 விநாடி வரும். உண்மையில் கையை விட்டு விலகும் கணத்தில் கல்லுக்குப் பலூனின் வேகம் இருக்கிறது, மேல்நோக்கி 5 மீ/வி. மேல்நோக்கை நேர்க்குறியாக எடுத்தால்:

−60 = 5 × காலம் − 5 × காலம்²

இதைச் சுருக்கினால் காலத்துக்கு 4, −3 என்று இரண்டு விடை வரும். விடுபட்ட பிறகு நடப்பதைத்தான் கேட்கிறார்கள், ஆகவே 4 விநாடி. "விடப்படுகிறது", "கழல்கிறது", "வெடித்துப் பிரிகிறது" என்று எது வந்தாலும் உடனே கேட்க வேண்டியது: அந்தக் கணத்துக்குச் சற்று முன்பு அது எதோடு சேர்ந்து இயங்கிக்கொண்டிருந்தது?

### அதற்குப் பிறகும் தாள் நகரவில்லை என்றால்

படம் இல்லை. இயக்கக் கணக்கென்றால் தொடக்கம், முடிவு என்று இரண்டு படம்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தக் கணத்தில் தெரிந்த அளவுகள், தெரியாதவற்றுக்குக் கேள்விக்குறி. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அரைப் பக்கமாவது இருக்க வேண்டும். தாளின் ஓரத்தில் நகம் அளவுக்கு வரைந்த படத்தில் கோணமும் அம்புக்குறியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடுத்த பிழை அங்கேயே பிறக்கும்.

## அறிகுறி 2: சூத்திரப் பட்டியலைத் தேடி, பொருந்துவதை எடுத்து மாட்டுவது

தரப்பட்ட மூன்று எண்களுக்கும் இடம் இருக்கும் சூத்திரத்தைத் தேடுகிறீர்களா? அப்படியானால் பழுது இங்கேதான்.

சோதனை: சூத்திரப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, "இந்தக் கணக்கில் ______ விதி செல்லும், ஏனென்றால் ______" என்ற வாக்கியத்தை நிரப்புங்கள். "ஏனென்றால்" என்பதற்குப் பிறகு எண்களைப் பற்றிப் பேசினால் தேர்ச்சி இல்லை. நடப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

விதியைத் தேர்ந்தெடுக்க, இயந்திரவியலில் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்:

1. பொருள் அசையாமல், சுழலாமல் இருக்கிறதா? விசைகளின் கூடுதல் 0, திருப்புத்திறன்களின் கூடுதலும் 0.
2. மிகக் குறுகிய நேரத்தில் மோதலோ வெடிப்போ நடக்கிறதா? உந்த அழிவின்மை.
3. வேகம், உயரம், தூரம் இவற்றைப் பற்றிய பேச்சாக இருந்து, நேரம் தரவும் இல்லை கேட்கவும் இல்லையா? ஆற்றல்.
4. நேரம் வருகிறதா, அல்லது விசையையோ முடுக்கத்தையோ கேட்கிறார்களா? நியூட்டனின் இரண்டாம் விதி. முடுக்கம் மாறாதது என்று உறுதியானால் மட்டும் இயக்கச் சமன்பாடுகள்.

கடைசி வரியில் உள்ள "மட்டும்" முக்கியம். வளைந்த வழவழப்பான சரிவில் 5 மீ உயரத்திலிருந்து ஒரு பொருள் நழுவுகிறது என்றால், சரிவின் கோணம் இடத்துக்கு இடம் மாறுகிறது, முடுக்கமும் மாறுகிறது. இயக்கச் சமன்பாடு செல்லாது. ஆற்றல் வழியில் ஒரே வரி: வேகம் = √(2 × 10 × 5) = 10 மீ/வி. சுருள்வில் வரும் கணக்கும் இதே வகைதான். வில் நீள நீள விசை மாறுகிறது.

இந்தப் பழுதை நிரந்தரமாக ஒழிக்க, சூத்திரப் பட்டியலைத் திருத்தி எழுதுங்கள். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் அது எப்போது செல்லாது என்று ஒரு வரி. நாங்கள் அறிந்தவரை இதற்கு இணையான மருந்து வேறில்லை. மின்சுற்றில் இதன் அருமை உடனே தெரியும். மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா? 12 வோல்ட் மின்கலத்தோடு 4 ஓம், 2 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் மின்னழுத்தம் இரண்டுக்கும் பொது. திறன் 36 வாட், 72 வாட். தொடரிணைப்பில் வைத்தால் மின்னோட்டம் பொது, 2 ஆம்பியர். திறன் 16 வாட், 8 வாட். எது பொது என்று தெரியாமல் எடுத்த சூத்திரம் இரண்டில் ஒரு தடவை காலை வாரும்.

### விதி சரி, விடை மட்டும் நம்பவே முடியாத அளவில் வருகிறது

ஒரு கணக்குக்குள் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒரே விதியை இரண்டுக்கும் இழுத்துவிட்டீர்கள். 0.010 கி.கி. குண்டு 300 மீ/வி வேகத்தில் வந்து, கயிற்றில் தொங்கும் 1.99 கி.கி. மரக்கட்டைக்குள் பதிகிறது, கட்டை எவ்வளவு உயரும்? குண்டின் இயக்க ஆற்றல் 450 ஜூல். அது முழுவதும் உயரமாக மாறியது என்று எடுத்தால் கட்டை 22.5 மீ எகிறும்.

கட்டம் பிரித்தால்: பதியும் வரை உந்தம் மாறாது, 3 ÷ 2 = 1.5 மீ/வி. பதிந்த பிறகு ஆற்றல் மாறாது, உயரம் = 1.5² ÷ 20 = 0.11 மீ. பதிந்தவுடன் மிஞ்சும் இயக்க ஆற்றல் 2.25 ஜூல்தான், மற்றது வெப்பமாகவும் மரத்தின் சிதைவாகவும் போய்விட்டது.

வெப்பக் கணக்கில் இதே பழுது வேறு உருவில் வரும். 0°செ.இல் உள்ள 100 கிராம் பனிக்கட்டி 20°செ. நீராக வேண்டும். வெப்பநிலை ஏறிய கட்டத்துக்கு 8,400 ஜூல். ஆனால் உருகும் கட்டத்துக்கே 33,400 ஜூல் தேவை, அந்தக் கட்டத்தில் வெப்பநிலை ஏறுவதே இல்லை. நடப்பதைக் காலக்கோடாக வரைந்து, விதி மாறும் இடத்தில் செங்குத்துக் கோடு போடுவதே இதற்கு வழி.

## அறிகுறி 3: விசைகளைக் குறிக்கும்போது தடம் மாறுகிறது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். இயந்திரவியலில் போகும் மதிப்பெண்களில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. காரணங்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வைத்திருக்கிறோம்.

### படத்தில் கூடுதல் விசை இருக்கிறது

ஒவ்வொரு அம்புக்குறியையும் தொட்டு "இதை எந்தப் பொருள் தருகிறது?" என்று கேளுங்கள். பூமி, கயிறு, தளம், வில், கை என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல முடியாத அம்பை அழித்துவிடுங்கள். எறிந்த பந்தின் மீது "எறிந்த விசை" என்று வரைந்தது இப்படித்தான் அழியும். கை விட்டபிறகு பந்தின் மீது கையின் விசை இல்லை. வட்ட இயக்கத்தில் "மையநோக்கு விசை" என்று தனியாக ஓர் அம்பு வரைந்திருந்தால் அதையும் அழியுங்கள். இழுவிசை, ஈர்ப்பு, உராய்வு ஆகியவற்றில் மையத்தை நோக்கி மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர். அவற்றோடு சேர்த்து இதையும் எழுதினால் ஒரே விசையை இரண்டு முறை எண்ணியதாகும்.

### செங்குத்து எதிர்விசையை எப்போதும் எடைக்குச் சமமாக எழுதுகிறீர்கள்

கிடைத்தளத்தில், வேறு செங்குத்து விசை இல்லாமல், செங்குத்தாக முடுக்கமும் இல்லாமல் இருந்தால் மட்டுமே அது உண்மை. மற்ற எல்லா இடத்திலும் கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். 10 கி.கி. பெட்டியைக் கிடையோடு 37° மேல்நோக்கி 50 நியூட்டன் விசையால் இழுக்கிறோம் (சைன் 0.6, கொசைன் 0.8), இயக்க உராய்வுக் குணகம் 0.2. இழுக்கும் விசையின் மேல்நோக்குக் கூறு 30 நியூட்டன் பெட்டியைச் சற்றுத் தூக்கித் தருகிறது. எதிர்விசை 100 − 30 = 70, உராய்வு 14, முடுக்கம் = (40 − 14) ÷ 10 = 2.6 மீ/வி². எதிர்விசை 100 என்று போட்டவருக்கு 2.0 வந்திருக்கும். அந்த விடை பார்வைக்கு நியாயமாகவே தெரியும். அதுதான் இந்தப் பிழையின் ஆபத்து.

### உராய்வை எப்போதும் குணகம் × எதிர்விசை என்று எழுதுகிறீர்கள்

நழுவும் பொருளுக்கு அது சரி. நிற்கும் பொருளுக்கு அது மேல்வரம்பு மட்டுமே. 5 கி.கி. பெட்டி, நிலை உராய்வுக் குணகம் 0.4, இழுக்கும் விசை 12 நியூட்டன். வரம்பு 20 நியூட்டன், பெட்டி அசையவில்லை, உராய்வு 12 நியூட்டன். 20 என்று எழுதினால் பெட்டி இழுப்பவருக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டிவரும்.

### சைனா கொசைனா என்று ஒவ்வொரு முறையும் தடுமாற்றம்

மனப்பாடம் செய்யாதீர்கள். கோணத்தை 0 ஆக்கிப் பாருங்கள். சாய்தளம் தட்டையாகிவிட்டது, தளத்தின் வழியே கீழே இழுக்கும் கூறு 0 ஆக வேண்டும், 0°க்கு 0 தருவது சைன். எடுத்த கூறு சரியா என்று பார்க்க இது ஐந்து விநாடி வேலை, எந்தக் கோணக் கணக்குக்கும் செல்லும்.

### திசைவேகத்தின் திசையையே முடுக்கத்தின் திசையாக எடுத்துக்கொள்வது

இது அடியில் இருக்கும் பழுது, சரியாவதற்கு நாளாகும். கீழே இறங்கும் லிஃப்ட் 2 மீ/வி² வீதம் வேகம் குறைகிறது. உள்ளே நிற்கும் 60 கி.கி. நபரின் மீது தளம் தரும் விசை என்ன? இறங்குகிறது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 480 நியூட்டன் என்பார்கள். வேகம் குறைவதால் முடுக்கம் மேல்நோக்கி; விடை 60 × 12 = 720 நியூட்டன். படத்தில் திசைவேகத்துக்கு ஒரு நிற அம்பும் முடுக்கத்துக்கு வேறு நிற அம்பும், இரண்டையும் பொருளுக்கு வெளியே, விசை அம்புகளோடு கலக்காமல் வரைந்து பழகுங்கள். மூன்று நான்கு வாரம் விடாமல் அப்படி வரைந்தும் மாறவில்லை என்றால் ஆசிரியரிடம் போக வேண்டிய இடம் இது. இதைத் தனியே புத்தகத்தோடு போராடித் திருத்துவது கடினம். எதிரில் இருப்பவர் உங்கள் பதிலைக் கேட்டு அடுத்த கேள்வியை மாற்றிக் கேட்டால்தான் நகரும்.

## அறிகுறி 4: சமன்பாடு வரை வந்தாயிற்று, முடிக்க முடியவில்லை

தெரியாத அளவுகள் எத்தனை, சமன்பாடுகள் எத்தனை என்று எண்ணுங்கள்.

சமன்பாடு குறைந்தால், விட்டுப்போனது பெரும்பாலும் இணைப்பு நிபந்தனை: ஒரே கயிறு, ஆகவே ஒரே முடுக்கம்; நழுவாமல் உருள்கிறது, ஆகவே வேகம் = ஆரம் × கோணத் திசைவேகம்; எறிபொருளில் கிடை இயக்கத்துக்கும் செங்குத்து இயக்கத்துக்கும் ஒரே நேரம். வழவழப்பான மேசையில் 3 கி.கி., கயிற்றில் தொங்குவது 2 கி.கி. என்ற கணக்கில் இழுவிசையை 20 நியூட்டன் என்று எழுதிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. இழுவிசை 20 என்றால் தொங்கும் பொருளின் மீது நிகர விசை 0. அது முடுக்கம் பெறவே முடியாது. இரு பொருள்களுக்கும் தனித்தனிச் சமன்பாடு எழுதி, முடுக்கம் ஒன்றே என்று இணைத்தால் முடுக்கம் 4 மீ/வி², இழுவிசை 12 நியூட்டன்.

"நிறையைத் தரவில்லை, எப்படிப் போடுவது?" என்று நின்றால், அதற்கு ஒரு குறியீடு கொடுத்துவிட்டு நடங்கள், வழியில் அடிபட்டுப் போகும். 20 மீ/வி வேகத்தில் வந்த வண்டி, உராய்வுக் குணகம் 0.5 உள்ள சாலையில் சக்கரம் பூட்டிச் சறுக்கி நிற்கிறது: தூரம் = 20² ÷ (2 × 0.5 × 10) = 40 மீ. நிறை எங்குமே வேண்டியிருக்கவில்லை. எண்களைக் கடைசி வரியில் மட்டும் இடுவது நல்லது என்று சொல்வது இதற்காகத்தான். முதலிலேயே எண்ணை இட்டவருக்கு எது அடிபடும் என்று தெரியாது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் முடியவில்லை என்றால் பழுது இயற்பியலில் இல்லை. சோதனை: இயற்பியல் வாடையே இல்லாத ஐந்து பயிற்சிகள். பின்னச் சமன்பாடு ஒன்று, வர்க்கமூலத்துக்குள் இருக்கும் மாறியை வெளியே எடுப்பது ஒன்று, இரு மாறி ஒருங்கமை சமன்பாடு ஒன்று, இருபடிச் சமன்பாடு ஒன்று, செங்கோண முக்கோணத்தில் பக்கம் காண்பது ஒன்று. இருபது நிமிடத்தில் குறைந்தது நான்கு சரியாக வர வேண்டும். வரவில்லை என்றால் இயற்பியல் கணக்குகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, தினமும் அரைமணி நேரம் இயற்கணிதமும் முக்கோணவியலும் மட்டும் போடுங்கள். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். இந்த அடித்தளம் இல்லாமல் போடும் ஒவ்வொரு இயற்பியல் கணக்கும் அதைவிட அதிக நேரம் தின்னும்.

## அறிகுறி 5: வழி சரி, எண் தவறு

உங்கள் விடையையும் சரியான விடையையும் ஒன்றால் ஒன்றை வகுங்கள். அந்த விகிதம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

- 3.6: கி.மீ./மணியை மீ/வி ஆக்கவில்லை. 72 என்றால் 20, 90 என்றால் 25.
- 13க்குச் சற்றுக் குறைவு (12.96): அதே பிழை, வேகத்தின் வர்க்கம் வரும் கணக்கில்.
- 1000: கிராம், கி.கி. அல்லது கி.மீ., மீ.
- 100, 10,000, 10 லட்சம்: செ.மீ., ச.செ.மீ., கன செ.மீ. பரப்பை வெறும் நூறால் வகுத்துவிடுவது மிகச் சாதாரணமான பிழை.
- 2: இயக்க ஆற்றலில் அரை விட்டுப்போனது, அல்லது ஆரத்துக்குப் பதில் விட்டம்.
- 4: விட்டத்தை ஆரமாக எடுத்து வர்க்கப்படுத்தியது.
- 9.8: நிறை, எடைக் குழப்பம்.
- 10: கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தானுக்கு (EXP அல்லது ×10ˣ) முன் 10ஐயும் அழுத்தியது. அந்தப் பொத்தானுக்குள்ளேயே பத்தின் பெருக்கல் இருக்கிறது. புவியீர்ப்பை 10 என்று எடுத்த கணக்கில் மட்டும் நிறை, எடைக் குழப்பத்தையும் சேர்த்துச் சந்தேகியுங்கள்.
- 1.73: 30° அல்லது 60° கணக்கில் சைன், கொசைன் இடமாற்றம். 37°, 53° என்றால் 1.33. 45° கணக்கில் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது, ஆகவே பயிற்சிக்கு 45° கணக்குகளை நம்பாதீர்கள்.
- 57.3: பாகை, ரேடியன்.
- 60 அல்லது 3600: நிமிடம், மணி.
- 2% அளவுக்கு மட்டும் வேறுபாடு: நீங்கள் 10, அவர்கள் 9.8. இது பிழையே இல்லை.

கால்குலேட்டரை எடுத்ததும் சைன் 30 அழுத்திப் பாருங்கள். 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 6ஐ 2 × 3ஆல் வகுக்க அடைப்புக்குறி இல்லாமல் அழுத்தினால் 1க்குப் பதில் 9 வரும். பின்னத்தின் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருந்தால் அடைப்புக்குறி கட்டாயம்.

வாயு விதிகளில் விகிதம் எந்தப் பட்டியலிலும் அடங்காத எண்ணாக வந்தால் கெல்வினைப் பாருங்கள். அழுத்தம் மாறாமல் 27°செ.இலிருந்து 127°செ.க்குச் சூடாக்கினால் கன அளவு 400 ÷ 300, அதாவது 1.33 மடங்கு ஆகும். செல்சியஸில் வகுத்தவருக்கு 4.7 மடங்கு வரும்.

விடை தெரியாத தேர்வு அறையில் வகுத்துப் பார்க்க முடியாது. அங்கே உதவுவது அளவுணர்வு: நடப்பவர் ஏறக்குறைய 1.4 மீ/வி, மிக வேகமாக ஓடுபவர் 10 மீ/வி, காற்றில் ஒலி 340 மீ/வி, 100 கிராம் பொருளின் எடை 1 நியூட்டன், வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1 லட்சம் பாஸ்கல். உருண்டு வந்த பந்து ஒலியை முந்தினால் மேலே போய்த் தேடுங்கள்.

## அறிகுறி 6: தீர்வைப் பார்த்தால் புரிகிறது, தனியாக வருவதில்லை

நீங்கள் இதுவரை செய்தது வாசிப்பு. அடுத்த வரி எது என்று முடிவெடுக்கும் வேலையைத் தீர்வை எழுதியவர் செய்துவிட்டார்; அந்த வேலையில்தான் உங்களுக்குப் பயிற்சி இல்லை.

தீர்வை ஒரு தாளால் மூடுங்கள். பதினைந்து நிமிடம் தனியாக முயலுங்கள். நின்றுபோனால் ஒரே ஒரு வரியைத் திறந்து, மீண்டும் மூடிவிட்டுத் தொடருங்கள். எந்த வரியைத் திறக்க வேண்டிவந்ததோ அதன் பக்கத்தில் "இதை நான் ஏன் நினைக்கவில்லை?" என்பதற்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். மறுநாள் அதே கணக்கு வெற்றுத்தாளில், எதையும் பார்க்காமல். வந்துவிட்டால், தந்ததையும் கேட்டதையும் இடம் மாற்றுங்கள்: பலூன் கணக்கில் 4 விநாடியைத் தந்துவிட்டுப் பலூனின் வேகத்தைக் கேளுங்கள். இப்படிப் போட்ட ஐந்து கணக்கு, பார்த்து எழுதிய ஐம்பதைவிடப் பயன் தரும்.

ஒவ்வொரு முறையும் முதல் வரியையே திறக்க வேண்டியிருந்தால் இது அறிகுறி 2, அங்கே திரும்புங்கள்.

## அறிகுறி 7: பாடவாரியாக வருகிறது, தேர்வில் வருவதில்லை

பாடத்தின் தலைப்பே விதி எது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. தேர்வில் தலைப்பு இல்லை. ஐந்தாறு பாடங்களிலிருந்து இருபது கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கலக்குங்கள். தீர்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் விதியின் பெயரும் முதல் சமன்பாடும் மட்டும், ஒன்றுக்கு இரண்டு நிமிடம். பதினாறுக்குக் கீழே வந்தால், பிழையாகப் பிரித்த சீட்டுகளை மட்டும் மறுநாள் திரும்ப எடுங்கள்.

பிரிப்பதெல்லாம் சரியாக வந்து, தேர்வில் நேரம் மட்டும் போதவில்லை என்றால், ஒரு மதிப்பெண்ணுக்கு எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அந்த நேரம் தாண்டியதும் கணக்கை விட்டு நகர்ந்து பழகுங்கள். நகரும் முன் படத்தையும் விதியையும் எழுதிவிடுங்கள். படிநிலைக்கு மதிப்பெண் தரும் தேர்வுகளில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

## எப்போது, யாரிடம் போவது

பாட ஆசிரியரிடம்: ஒரே அறிகுறியில் இரண்டு வாரம் (முடுக்கத்தின் திசைப் பழுதுக்கு மட்டும் மூன்று நான்கு வாரம்) வேலை செய்தும் கோடு அதே வரியில் விழுந்தால். "எனக்கு இயற்பியல் வரல" என்று போகாதீர்கள். கோடு போட்ட பத்துத் தாள்களையும் எடுத்துப்போய், "இந்த வரி வரை வருகிறேன், அடுத்து என்ன நினைக்க வேண்டும் என்று தெரியவில்லை" என்று காட்டுங்கள். எங்கே தொடங்குவது என்று தேட வேண்டிய நேரம் அவருக்கு மிச்சமாகும்.

கணித ஆசிரியரிடம்: அறிகுறி 4இன் ஐந்து பயிற்சிகளில் இரண்டு அல்லது அதற்குக் குறைவாக வந்தால், காத்திருக்காமல் உடனே.

கண் மருத்துவரிடம்: வரி தவறி வாசிப்பது, அடுக்கு எண்களும் கீழ்க்குறிகளும் மங்குவது, சிறிது நேரம் வாசித்ததும் தலைவலி.

கற்றல் குறைபாடு மதிப்பிடும் நிபுணரிடம்: 53ஐ 35 என்று படியெடுப்பது, வாக்கியத்தைப் பலமுறை வாசித்தும் பொருள் தங்காதது, எல்லாப் பாடங்களிலும் சிறு வயது முதல் இருந்துவந்தால். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட்டால் மாணவர் பல ஆண்டுகளை இழப்பார். மதிப்பீட்டின் அடிப்படையில் தேர்வில் கூடுதல் நேரம் தரும் கல்வி முறைகள் உண்டு. உங்கள் கல்விக்கூடத்தில் கேளுங்கள்.

மனநல ஆலோசகரிடம்: வீட்டில் வெற்றுத்தாளில் முழுமையாகப் போட்ட அதே வகைக் கணக்கு தேர்வில் வரும்போது கை நடுங்கி, எழுத்து கண்ணில் பட்டும் பொருள் ஏறாமல் போவது திரும்பத் திரும்ப நடந்தால், அல்லது தேர்வுக்கு முந்தைய இரவுகளில் தூக்கமே வராவிட்டால். இந்த நிலையில் கணக்குப் பயிற்சியைக் கூட்டுவது பதற்றத்தையும் கூட்டும். முதலில் ஆலோசகர், பிறகு கணக்கு.